புகை போன வழி

வளை வாயில் மூக்கை வைத்த சுண்டு உறுமவில்லை. வாலை ஆட்டியது.

எலிக்காரி கையிலிருந்த புகை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நாயையே பார்த்தாள். ஏழு வருடமாக எலி பிடிக்க அதோடு வயல் வயலாக அலைகிறாள். அதன் உடம்பு சொல்வதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. உள்ளே பெருச்சாளி இருந்தால் முதுகு மயிர் சிலிர்த்துக்கொள்ளும், முன்கால்கள் மண்ணைப் பறிக்கும். பாம்பு என்றால் இரண்டடி பின்வாங்கி நின்று அவள் முகத்தைப் பார்க்கும். வெறும் வளை என்றால் ஒரு காலைத் தூக்கி நனைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். வாலை ஆட்டுவது வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான். அவளுக்கும், அவள் நாத்தனாருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால்வரை அவள் புருஷனுக்கும்.

"என்னடா, சொந்தக்காரங்க வீடா?" என்று கேட்டபடி அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் சொல்லி முடித்தபோது சிரிப்பு வரவில்லை.

விடிந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி மீன்குளத்துக் கரை மேல் ஏறி, குளத்தை அடுத்த வயலுக்குள் மெல்ல வழிந்துகொண்டிருந்தது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. நீர்க்காகம் ஒன்று எங்கோ இறக்கையை உதறும் சத்தமும், குளத்தில் மீன் துள்ளி விழும் சத்தமும் மட்டும் பக்கத்திலிருந்து வருவதுபோல் வந்தன. புகை போடுகிறவர்களுக்கு இதுதான் நல்ல நேரம். காற்று எழுந்துவிட்டால் புகை உள்ளே இறங்காது.

ஏரிக்கும் குளத்துக்கும் நடுவில் இருப்பது இந்த ஒரு மண்கரைதான். மூன்று நாளாகக் குளத்து நீர் தினமும் நாலு விரற்கடை இறங்குகிறது என்று பண்ணைக்காரர் நேற்றே ஆள் அனுப்பியிருந்தார். பெருச்சாளிகள் கரையைச் சல்லடை ஆக்கிவிட்டதாகவும், கரை உடைந்தால் இத்தனை நாள் தான் தீனி போட்டு வளர்த்ததெல்லாம் ஏரிக்கு மாமியார் வீட்டுச் சீர் மாதிரி போய்விடும் என்றும் இன்று காலை பாதி அழுகையும் பாதி சிரிப்புமாகச் சொன்னார். வளைகளை அடைக்கக் களிமண் கொண்டுவர வண்டியோடு போயிருக்கிறார். திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும்.

அவள் கரையை ஒருமுறை முழுக்க நடந்து பார்த்தாள். ஆறு வளைகள், ஒரே வரிசையில், யாரோ அளந்து வைத்ததுபோல் சம தூரத்தில். வாய்களில் புழுக்கை இல்லை. கடித்துப் போட்ட நெல்தட்டை இல்லை. பெருச்சாளி இருக்கும் இடத்தில் வரும் அந்த மக்கிய வாடை இல்லை. வெளியே தள்ளியிருந்த மண்ணை விரலால் எடுத்துப் பார்த்தாள். கரை மண் சிவப்பு. இது கறுப்பு. ஏரியின் அடியில் கிடக்கும் சேறு, நத்தை ஓட்டுத் துண்டுகளோடு. காயவைக்காமல் சுருட்டி வைத்த வலையின் நாற்றம் அதில் இருந்தது.

ஏழாவது வளை ஏரிப் பக்கச் சரிவில் கோரைப் புல்லுக்கு நடுவே இருந்தது. சுண்டு வாலை ஆட்டியது இங்கேதான். மற்றவை சாண் அகலம். இது அப்படியில்லை. ஒரு ஆள் தோளைக் குறுக்கினால் உள்ளே போய்விடலாம்.

நீர்நாய், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நீர்நாய்தான் இவ்வளவு பெரிதாகத் தோண்டும். அதன் பழைய வளையில் பெருச்சாளி குடியேறியிருக்கும். அப்படி நடப்பதுண்டு. வாய்விட்டு இன்னொரு தடவையும் சொன்னாள்.

ஐந்து வளைகளைச் சேறு அப்பி அடைத்தாள். ஆறாவதை, வெளியே ஓடிவருவதைப் பிடிக்க, சுண்டுக்கு என்று விட்டாள். டப்பாவுக்குள் ஈர வைக்கோலும் நாலு காய்ந்த மிளகாயும் திணித்து, தணல் போட்டு, அதன் மூக்கை ஏழாவது வளைக்குள் செருகி, சுற்றிலும் சேற்றைப் பூசி, டப்பாவோடு சேர்ந்த துருத்தியை மிதிக்க ஆரம்பித்தாள். புகை தடையே இல்லாமல் போனது. வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் வளை நிறைந்து, மிதிக்கும் காலை எதிர்த்துத் தள்ளும். இங்கே அப்படி எதுவும் இல்லை. மிதிக்க மிதிக்க வாங்கிக்கொண்டே இருந்தது, ஆழமான மூச்சை உள்ளே இழுப்பதுபோல், அந்தக் கரை முழுக்க வெறும் தோலாகவும் அதற்குள்ளே பெரிய வெற்றிடமாகவும் இருப்பதுபோல். ஒரு டப்பா வைக்கோல் தீர்ந்தது. இரண்டாவது போட்டாள். புருவத்தில் வேர்வை வழிந்தது. முதுகில் மட்டும் குளிர்.

அப்போது உள்ளே யாரோ இருமினார்கள்.

அவள் கால் துருத்தி மேல் நின்றது.

பெருச்சாளி இருமாது. நீர்நாய் செருமும், சீறும், விசில் மாதிரி கத்தும். இது அதுவல்ல. இரண்டு சின்ன இருமல், பிறகு தொண்டையைக் காறும் ஒரு நீண்ட இழுப்பு. எட்டு வருடம் பக்கத்துத் தலையணையில் கேட்ட இருமல்.

பண்ணைக்காரர் கரைக்கு அந்தப் பக்கம் வந்திருப்பார் என்று நினைத்துக் கூப்பிட்டுப் பார்த்தாள். மூடுபனி மட்டும் கரை மேல் நகர்ந்தது.

அதன்பிறகு விசில் கேட்டது. வளைக்குள்ளிருந்து, தூரமாக, தாழ ஆரம்பித்து உயர்ந்து முடியும் ஒரே விசில்.

அந்த விசில் எதற்கு என்று இந்த உலகத்தில் நாலு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒன்று நாய். அவள் புருஷன் ஏரியில் வலை போடப் போவான். மூடுபனி இறங்கினால் கரை எந்தப் பக்கம் என்று தெரியாது. படகில் நின்று விசிலடிப்பான். வீட்டு வாசலில் நிற்கும் சுண்டு குரைக்கும். அந்தக் குரைப்பை வைத்துத் துடுப்புப் போட்டு வந்து சேர்வான். இந்த நாய் எலி பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, இது எனக்குக் கலங்கரை விளக்கம் என்பான்.

அவன் கடைசியாகப் போன அன்று காலை அவர்களுக்குள் சண்டை. நாத்தனார் வெளியூர் போயிருந்தாள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நாலு பேர் முன்னால் அவளைக் கிண்டல் பண்ணியிருந்தான், அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவன் போனபின் பனி இறங்கியது. விசில் வந்தது. குரைக்க எழுந்த நாயை அவள் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் சுத்தட்டும், அப்பதான் புத்தி வரும் என்று நாயின் வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அது அவள் மடியில் துடித்தது. விசில் வந்துகொண்டே இருந்தது. பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டான், நாயை அல்ல, அவளை. பிறகு எதுவும் வரவில்லை. வெயில் ஏறியபோது படகு மட்டும் கோரைக்குள் கவிழ்ந்து கிடந்தது. ஏரியை வலைபோட்டு அரித்தும் உடம்பு கிடைக்கவில்லை. அந்த ஏரி யாரையும் திருப்பிக் கொடுத்ததில்லை என்று தேட வந்த மீனவர்கள் சொன்னார்கள்.

நாயின் வாயைப் பொத்தியதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மறுபடியும் விசில்.

சுண்டு ஆறாவது வளையை விட்டுக் கரைமேல் பாய்ந்து வந்தது. அவள் எட்டிப் பிடிப்பதற்குள் டப்பாவை முட்டித் தள்ளிவிட்டு ஏழாவது வளைக்குள் நுழைந்தது. அவள் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டாள். தோள்வரை. புகை கண்ணை எரித்தது. ஈரமான சுவர், வழவழப்பாக, உள்ளங்கையால் தடவித் தடவித் தேய்த்ததுபோல். வாலின் நுனி விரலில் பட்டது. பட்டு, நழுவியது.

"சுண்டு, வாடா. வந்துடு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

உள்ளே குரைத்தது. பயந்த குரைப்பு இல்லை. வாசலில் நின்று குரைக்கும் அதே குரைப்பு. ஒன்று, இடைவெளி, ஒன்று. இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று.

சத்தம் அவள் முழங்காலுக்குக் கீழே நகர்ந்தது. கரைக்குள்ளேயே போனது. அவளும் எழுந்து மேலே கூடவே நடந்தாள். அடைத்து வைத்திருந்த முதல் வளையைத் தாண்டும்போது சேறு பொத்தென்று வெளியே விழுந்தது. ஓட்டையிலிருந்து புகை வந்தது. அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும். குனிந்து ஒரு சேற்று உருண்டையைத் திருப்பினாள். மேல்பக்கம் அவள் விரல் தடம். அடிப்பக்கம், உள்ளிருந்து தள்ளிய பக்கம், வேறு தடம். தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அந்தக் கை பெரியது. பக்கத்திலேயே இன்னொரு தடம். அது சின்னது. குழந்தையுடைய கை அளவு.

உருண்டையைக் கீழே போட்டாள்.

கரை முடியும் இடத்தில் குரைப்பு இறங்கியது. வயலுக்கு அடியில். அறுத்துப்போட்ட வயலில், மெலிந்துகொண்டிருந்த மூடுபனிக்குள், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தரை வெடிப்புகளிலிருந்து புகை நூல் நூலாக எழுந்தது. நூல்கள் ஒரு வரிசையாக நின்றன. அந்த வரிசை எங்கே போகிறது என்று அவள் பார்த்தாள்.

வயலுக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரே வீடு, அவளுடையது.

அவள் ஓடினாள். செருப்பு சேற்றில் மாட்டி நின்றது, விட்டுவிட்டு ஓடினாள். நாத்தனார் இந்நேரம் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பாள். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று இன்றுவரை ஒத்துக்கொள்ளாதவள். உடம்பைப் பார்க்காத சாவு என்ன சாவு, ஒருநாள் வருவான் பாருங்க அண்ணி, என்று ராத்திரி கதவுக்குத் தாழ் போட விடமாட்டாள். அவளுக்காகவே இத்தனை நாளும் எலிக்காரி வாயைத் திறக்காமல் இருந்தாள். அவளுக்குப் பயந்தும்தான்.

மிஷின் சத்தம் கேட்டது. கடகடவென்று, நிதானமாக. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

காலுக்கடியில் குரைப்பு அவளை முந்திப் போனது.

மிஷின் நின்றது.

வயல் முடிந்தது. வேலி. வாசல். கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து மிளகாய்ப் புகை நெடி. அவளே போட்ட புகை. நாத்தனாரை இருமல் சத்தமாவது காட்டிக்கொடுக்கும் என்று காதைக் கொடுத்தாள். இருமல் கேட்டது. நாத்தனாருடையது இல்லை. இரண்டு சின்ன இருமல், ஒரு இழுப்பு. அதற்குப் பின்னால் வேறொரு இருமல், கிழட்டு இருமல். அதற்கும் பின்னால் கீச்சென்று ஒன்று. அடியில். பல பேர். நெரிசலில் வரிசையில் நிற்கிறவர்களைப்போல்.

சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். தரை ஈரமாக இருந்தது. கறுப்புச் சேறு. அதில் சுண்டு உட்கார்ந்திருந்தது, உடம்பெல்லாம் நனைந்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வேலையை முடித்த நாயின் நிம்மதியோடு. அவளைப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தையல் மிஷின் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அது நின்ற இடத்தில் சிமெண்ட் தரை உடைந்து வாய் திறந்திருந்தது. நாத்தனார் அதன் விளிம்பில் குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு கையும் முழங்கைவரை உள்ளே. முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் அப்படிச் சிரித்து எலிக்காரி பார்த்ததில்லை.

"அண்ணி, வந்துட்டான். நான் சொன்னேன்ல." அவளுக்கு மூச்சு வாங்கியது. "வந்து நீங்களும் பிடிங்க. உங்களைத்தான் கேக்கறான்."

எலிக்காரி அசையவில்லை. புகை கொஞ்சம் விலகியது.

நாத்தனார் தன் அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்திருந்தாள். வெளுத்து ஊறிய கைகள், விரலில் எலிக்காரி போட்ட மோதிரம். அவற்றைச் சுற்றி, உடைந்த தரையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, நகத்துக்குள் சேறோடு, பெரிதும் சிறிதுமாக இன்னும் பதினோரு கைகள் இருந்தன.