ரெஜினாவின் ஜன்னல்கள்

கண்ணாடிக் குடிலின் கதவோர ஜன்னலில் மட்டும், உள்பக்கமாக, கையகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. பூவாளியும் கையுமாக லூசினா நின்று பார்த்தாள். ஆவி சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. உள்ளே தக்காளிச் செடிகளைத் தவிர எவரும் இல்லை.

ஈரந்தான், வேறென்ன, என்று சொல்லிக்கொண்டாள்.

அந்தக் குடிலின் கண்ணாடி அத்தனையும் ரெஜினா வீட்டு ஜன்னல்கள். ஊருக்கு வெளியே இருந்த வாடகைத் தோட்டங்களில் ரெஜினா பக்கத்துத் தோட்டக்காரி. அறுவடை விழாவில் தக்காளிப் பரிசு வருஷாவருஷம் அவளுக்குத்தான். பழத்தை மேலங்கியில் இரண்டு தரம் துடைத்து வேலிக்கு மேல் நீட்டுவாள், லூசினாவின் கணவன் செனோன், வெட்கங்கெட்ட மனுஷன், வாங்கிக் கடித்து, "இதல்லவா பழம்!" என்பான். லூசினாவுக்கு வயிறு பற்றி எரியும்.

மார்ச் குளிரில் ரெஜினா ஊருக்குள் இருந்த தன் அடுக்குமாடி வீட்டில் தனியாகச் செத்துப்போனாள். நாலைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. மகன் வந்து பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுவிட்டு, பழைய மர ஜன்னல்களைச் சட்டத்தோடு பெயர்த்துக் குப்பையோரம் சாத்தினான். இந்தத் தோட்டங்களில் எவர் குடிலும் யாரோ கழித்துப்போட்ட ஜன்னல்களால் ஆனதுதான். ஆனால் அந்த ஜன்னல்களை மட்டும் லூசினா வேறொருவரையும் தொடவிடவில்லை.

குடில் கட்டிய அன்று செனோன் சட்டத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தான். குளிர்காற்று புகாமலிருக்க ரெஜினா இடுக்குகளில் ஒட்டிய காகிதப் பட்டை எல்லா ஜன்னலிலும் கிழியாமல் இருந்தது.

"ஒண்ணைக்கூட யாரும் திறக்கலடி. செத்தவ வீட்டுல ஒரு ஜன்னலையாவது திறந்து விடணும்ல? உசுரு எப்படி வெளிய போகும்?"

"போகாட்டி போ."

"இப்பவாவது ஒண்ணைத் திறந்து விடு. பாவம்."

"அவமேல உனக்கென்னய்யா அவ்வளவு பாவம்? இங்கயே கிடக்கட்டும். என் தக்காளிய வேடிக்கை பாக்கட்டும்!"

ஒவ்வொரு ஜன்னலையும் தானே திருகாணி போட்டு இறுக்கினாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

செடிகள் வெறி பிடித்தது போல வளர்ந்தன. ஆகஸ்டில் பழங்கள் கிளையை ஒடிக்கும் பாரத்தில், தோல் வெடிக்கும் சிவப்பில் தொங்கின. அக்கம்பக்கத்தார் வேலியோரம் வந்து வாய்பிளந்தார்கள். ஆனால் காற்றே இல்லாத மாலைகளில், இலைகளின் பச்சை நெடிக்கு அடியில், ரெஜினா முழங்காலுக்குத் தேய்க்கும் கற்பூரத் தைலத்தின் வாசம் மெல்ல எழும்பும். கண்ணாடியில் நகம் படுவது போல எதுவோ டிக், டிக் என்று தட்டும். லூசினா காதைப் பொத்திக்கொள்வாள். திறக்க மட்டும் மாட்டாள்.

விழாவுக்கு முந்தின சாயங்காலம், கூடையோடு உள்ளே போனாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கர்வம் பெரிதாக இருந்தது.

"பாத்தியா ரெஜினா?" பழங்களை ஏந்திக்கொண்டு உரக்கச் சொன்னாள். "நாளைக்குப் பரிசு எனக்கு. செனோன் என் பழத்தைத் திம்பான். நல்லா பாத்துக்கோ!"

தட்டும் சத்தம் நின்றது.

கற்பூர வாசம் பின்னால் வந்தது. கழுத்தருகே. குளிர்ந்த மூச்சு. லூசினா அலற வாயைத் திறந்தாள்.

குளிர் உள்ளே போனது. வாய் வழியாக. தொண்டை. நெஞ்சு.

எதிரே ஒரு முதுகு தெரிந்தது. நீல மேலங்கி. நரைத்த கொண்டை. அவளுடைய சொந்த முதுகு. அது குனிந்து கூடையை எடுத்தது. கதவைத் திறந்தது. வெளியே போனது. கதவு சாத்திக்கொண்டது.

லூசினா கதவைத் தள்ளினாள். கை இல்லை. கத்தினாள். சத்தம் இல்லை.

வெளியே செனோன் வந்தான். லூசினாவின் முகத்தோடு நின்றவள் ஒரு பழத்தை எடுத்து, மேலங்கியில் இரண்டு தரம் துடைத்து, நீட்டினாள். கடித்தான். சாறு மோவாயில் வழிந்தது.

"இதல்லவா பழம்!" என்றான். எத்தனை வருஷமாக லூசினா ஏங்கிக் கிடந்த வார்த்தை. பிறகு கண்ணாடியைக் காட்டினான். "அங்க பாரேன், உள்ள யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு. ஒரு ஜன்னலைத் திறந்து விடலாமா?"

பழம் கொடுத்தவள் திரும்பிப் பார்த்தாள். ஆவி சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது.

"வேணாம்," என்றாள். "வேடிக்கை பாக்கட்டும்."

அடுத்த பழத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.