இந்தப் பக்கம் வெந்துவிட்டது

ஆகஸ்ட் பத்தாம் தேதி காலையில் கண் விழித்ததும் சோரா போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். அன்று அவளுடைய நாம விழா.

எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கில் பிறந்த நாளை மறந்தாலும் மறப்பார்கள், நாம விழாவை மறக்கவே மாட்டார்கள். ஞானஸ்நானத்தில் எந்தப் புனிதரின் பெயரை வைத்தார்களோ, அவருடைய திருநாள்தான் நமக்கு நாம விழா. கோவிலுக்குள் நுழைந்துவிட்டால் எல்லாரும் அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்கள். மற்றப் பெண்களுக்கு ஸ்டெல்லா, ரோசா, ஆக்னஸ் என்று அழகழகாக இருந்தது. சோராவுக்கு மட்டும் லாரன்சியா.

பெயரில் ஒரு குறையும் இல்லை. புனித லாரன்ஸ் இறந்த விதத்தில்தான் வம்பு இருந்தது. ரோமாபுரியில் அவரை இரும்புக் கம்பித் தட்டின் மேல் படுக்க வைத்து, கீழே நெருப்பு மூட்டினார்களாம். அந்த நேரத்திலும் அவர், "இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள்" என்று சொன்னாராம்!

இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் சோராவைச் சும்மா விடவில்லை. போதாக்குறைக்கு, அவளுடைய அப்பா நடத்துவது பன்றிக்கறி சுடும் கடை.

அந்த வருடக் கோடை முகாம் மேற்குக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் நடந்தது. காலைச் சாப்பாட்டின்போது எல்லாரும் சோராவிடம் வாழ்த்து அட்டைகளை நீட்டினார்கள். 'உனக்காக இத்தனை செபம் சொல்கிறேன்' என்று எழுதித் தரும் செபப் பூங்கொத்து அட்டைகள் அவை. கன்ஹோ கொடுத்த அட்டையில் இப்படி இருந்தது:

'அருள் நிறைந்த மரியே – ஐந்து. விண்ணுலகில் இருக்கிற – மூன்று. சுட்ட கறி – இரண்டு தட்டு.'

மேசையே அதிரும்படி எல்லாரும் சிரித்தார்கள். சோராவின் காது சிவந்துபோனது.

கன்ஹோவும் அவளைப் போலப் பதினோரு வயதுக்காரன்தான். நாக்குக்கு மட்டும் வயது கொஞ்சம் அதிகம். அவனுடைய தம்பி நூரிக்கு ஆறு வயது. முகாமில் சேர வயது போதாது. ஆனால் அம்மா சமையல் பார்க்க வந்ததால் அவனும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"அக்கா, எனக்கு எழுத வராது," என்று நூரி அவள் காதில் கிசுகிசுத்தான். "நான் வேற ஒண்ணு தரேன்."

"என்னடா அது?"

"சொல்ல மாட்டேன்."

சாப்பாடு முடிந்ததும் சோரா நேராக ஞாயிறு வகுப்பு நடத்தும் கன்னியாஸ்திரி மார்த்தா சிஸ்டரிடம் போனாள். ஞானஸ்நானத்துக்குப் பிறகு, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோவிலில் நடக்கும் சடங்குதான் உறுதிபூசுதல்.

"சிஸ்டர், உறுதிபூசுதல் வாங்கறப்ப பேரை மாத்திக்கலாமா?"

"மாத்தலாமே. என்ன பேரு வேணும்?"

"ஸ்டெல்லா."

சிஸ்டர் அவளையும், அவள் கையிலிருந்த அட்டைகளையும் பார்த்தார். "சாயங்காலம் வரைக்கும் யோசிச்சுப் பாரு. அப்பவும் வேணும்னா சொல்லு, எழுதிக்கறேன்."

யோசிக்க என்ன இருக்கிறது என்று சோரா நினைத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கெல்லாம் கடல் உள்வாங்கிவிட்டது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சாம்பல் நிறச் சேறு. சிப்பி பொறுக்க எல்லாரையும் டிராக்டர் வண்டியில் ஏற்றி உள்ளே கூட்டிப்போனார் அந்த ஊர் மீனவர் ஒருவர். பிள்ளைகள் அவரை மாமா என்று கூப்பிட்டார்கள். அவர் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. விசில் அடிச்சா கையில என்ன இருந்தாலும் போட்டுட்டு டிராக்டருக்கு வந்துரணும். தண்ணி முன்னாடி தெரியிற மாதிரி வராது, வாய்க்கால் வழியா பின்னாடி சுத்திக்கிட்டு வரும். கால் சேத்துல மாட்டிக்கிச்சுன்னா இழுக்காதீங்க, இழுக்க இழுக்க உள்ளதான் போகும். மல்லாந்து படுத்துக்கணும். காலை மெல்ல ஆட்டி உருவிக்கிட்டு, அப்படியே உருண்டு வந்துரணும்."

"லாரன்சியா, உனக்குத்தான் சொல்றாரு," என்றான் கன்ஹோ. "நீ படுத்துக்கோ, நாங்க திருப்பிப் போடறோம்!"

மறுபடியும் சிரிப்பு. சோரா சிவப்பு ரப்பர்த் தொட்டியின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பேருக்கு ஒரு தொட்டி. அவளுக்கு வாய்த்த ஜோடி கன்ஹோவேதான். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

தொட்டி பாதி நிறைந்தபோது விசில் கேட்டது. பிள்ளைகள் டிராக்டரை நோக்கி ஓடினார்கள். கன்ஹோ கையைக் கழுவிக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"நூரி எங்க?"

"உன்கூடத்தானே இருந்தான்?" என்றாள் சோரா.

"உன்கூட இருக்கான்னு நினைச்சேன்!"

இரண்டு பேரும் சுற்றிலும் பார்த்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தூரத்தில், மஞ்சள் தொப்பி ஒன்று அசைந்தது. அது ஒரே இடத்தில் நின்று அசைந்தது.

"நூரி!"

கன்ஹோ வாய்க்காலில் இறங்கி ஓடினான். தொட்டியிலிருந்த சிப்பிகளைக் கவிழ்த்துவிட்டு, வெறும் தொட்டியை இழுத்துக்கொண்டு சோராவும் பின்னால் ஓடினாள். வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வரும்போது அது காய்ந்து கிடந்தது.

நூரி முழங்காலுக்கு மேல் சேற்றில் புதைந்திருந்தான். முகமெல்லாம் கண்ணீரும் சேறும். கன்ஹோ அவனை அக்குளில் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

"ஆ! வலிக்குது!"

நூரி மேலே வரவில்லை. கன்ஹோவின் பூட்ஸ்தான் உள்ளே இறங்கியது. இன்னொரு முறை இழுத்தான். இப்போது நூரிக்குத் தொடைவரை சேறு, கன்ஹோவுக்கு முழங்கால்வரை.

"இழுக்காத கன்ஹோ! நீயும் மாட்டிக்குவ!"

"என் தம்பி! வேற என்ன செய்யச் சொல்ற?"

"ஓடிப்போய் மாமாவைக் கூட்டிட்டு வா. உன்னால என்னைவிட வேகமா ஓட முடியும். நான் இவன்கிட்ட இருக்கேன். போ!"

கன்ஹோ பூட்ஸை அங்கேயே விட்டுக் காலை உருவிக்கொண்டான். ஒருமுறை தம்பியைப் பார்த்தான். பிறகு வெறுங்காலோடு ஓடினான். அவன் அழுதுகொண்டே ஓடியதைச் சோரா பார்த்தாள்.

டிராக்டர் சேற்றில் நேராக வராது, கெட்டி மணல் வழியாகச் சுற்றித்தான் வரும். அதற்குள் தண்ணீர் வந்துவிடும். சோராவுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"நூரி, படுத்துக்கோ. மாமா சொன்னாருல்ல? பின்னாடி சாஞ்சு படு."

"மாட்டேன்! படுத்தா முழுகிருவேன்!" நூரி கைகால்களை உதறினான். உதற உதறக் கீழே போனான்.

"இல்லடா, படுத்தாதான்..."

"மாட்டேன்! அம்மா! அம்மா!"

சோராவுக்கும் அம்மா என்று கத்த வேண்டும்போல இருந்தது. முதுகுக்குப் பின்னால் வாய்க்காலில் சளசளவென்று சத்தம் கேட்டது. இவ்வளவு பயந்த பிள்ளையிடம் எதைச் சொன்னால் காதில் ஏறும்?

நெருப்பின் மேல் படுத்திருந்தவர் எதற்காக வேடிக்கை பேசினார்? அவருக்கும் பயமாக இருந்திருக்குமோ? பயத்தை வெளியே தள்ளத்தான் அப்படிச் சொன்னாரோ?

சோரா தொப்பென்று மல்லாந்து சேற்றில் படுத்தாள்.

நூரி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அக்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

"நான் யாரு சொல்லு?"

"சோராக்கா."

"கோவில்ல?"

"லாரன்சியாக்கா."

"இன்னிக்கு எனக்கு நாம விழா. அதனால நாம கறி சுடற விளையாட்டு விளையாடறோம். இந்தச் சேறுதான் தட்டு. நான் ஒரு துண்டு, நீ ஒரு துண்டு."

நூரி விக்கினான். "சேறு ஜில்லுனு இருக்கு."

"அதான் மெதுவா வேகுது. பாரு, நான் முழுகுறேனா?"

நூரி பார்த்தான். அக்கா முழுகவில்லை. அவளுடைய பின்னந்தலை மட்டும் கொஞ்சம் அமிழ்ந்திருந்தது.

"நீயும் படு. என் கைமேலயே படு."

மெல்ல, மிக மெல்ல நூரி பின்னால் சாய்ந்தான்.

"எங்க கடையில கறி வேகறப்ப என்ன சத்தம் வரும்?"

"ஸ்ஸ்ஸ்..."

"அப்படியே சத்தம் போட்டுக்கிட்டு வலது காலை ஆட்டு. இழுக்காத, ஆட்டு மட்டும்."

"ஸ்ஸ்ஸ்..."

சேறு பளக் என்றது. நூரியின் கால் வெளியே வந்தது, பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. அதே நேரத்தில் ஏதோ குளிர்ச்சியாகச் சோராவின் குதிகாலைத் தொட்டது. தண்ணீர். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் முகத்தை நூரி பார்ப்பான்.

"இன்னொரு கால். சத்தமா!"

"ஸ்ஸ்ஸ்... வரல அக்கா!"

"கறி கொஞ்சம் கெட்டி. இன்னும் ஆட்டு. ரெண்டு கையையும் விரிச்சு வச்சுக்கோ. வலது கையை ஏன் மூடி வச்சிருக்க? திற!"

"மாட்டேன்!"

"நூரி, கையைத் திற!"

"மாட்டேன்!"

சண்டை போட நேரமில்லை. சோரா புரண்டு குப்புறப் படுத்து, சேற்றுக்குள் முழங்கைவரை கையை விட்டு, அவன் காலைச் சுற்றித் தோண்டினாள். தோண்டத் தோண்டத் தண்ணீர் குழிக்குள் இறங்கியது. இதுவரை பயமுறுத்திய தண்ணீரே சேற்றை இளக்கிவிட்டது. பளக்!

"நூரி, இந்தப் பக்கம் வெந்துடுச்சா?"

"வெந்துடுச்சு!"

"அப்ப என்ன சொல்லணும்?"

"திருப்பிப் போடுங்க!" என்று நூரி கத்திக்கொண்டே உருண்டான். உருண்டு வந்து சிவப்புத் தொட்டியில் முட்டினான். சோரா அவனைத் தூக்கி அதற்குள் போட்டாள். கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, படுத்தபடியே ஊர்ந்தாள்.

வாய்க்காலை அடைந்தபோது தண்ணீர் அவளுடைய தொடைவரை ஏறியிருந்தது. தொட்டி மிதந்தது. எதிர்க்கரையில் டிராக்டர் வந்து நின்றது. மாமா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குதித்தார். கயிற்றின் மறுமுனையைக் கன்ஹோவும் மார்த்தா சிஸ்டரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஒரு கையால் சோராவையும் மறு கையால் தொட்டியையும் இழுத்துக் கரை சேர்த்தார்.

"விசில் அடிச்சா வந்துரணும்னு சொன்னேனா இல்லையா?" என்று அவர் கத்தினார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "படுத்து உருண்டீங்களா? இவ்வளவு வருஷமாச் சொல்றேன், இன்னிக்குத்தான் ஒருத்தி காதுல வாங்கியிருக்கா," என்றார்.

நூரியின் அம்மா ஓடிவந்து அவனை அணைத்துக்கொண்டார். சிஸ்டர் தன் வெள்ளை அங்கி சேறாவதைப் பார்க்காமல் சோராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சோரா நன்றாக அழுது தீர்த்தாள்.

சாயங்காலம் முற்றத்தில் கறி சுட அடுப்பு மூட்டினார்கள். நூரி சோராவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மூடியிருந்த வலது கையை நீட்டினான். குளிக்கும்போதுகூட அதைத் திறக்கவில்லையாம். இப்போது திறந்தான். உள்ளே பளபளவென்று ஒரு பெரிய சிப்பி.

"நாம விழாவுக்கு," என்றான். "இதுக்குத்தான் அவ்வளவு தூரம் போனேன். சின்னதா இருந்தா நல்லா இருக்காதுல்ல?"

சோராவுக்குத் திட்டவும் தோன்றியது, சிரிக்கவும் தோன்றியது. சிரித்துவிட்டாள்.

கன்ஹோ சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். காலையில் கொடுத்த அட்டையை வாங்கிக்கொண்டு, 'ஐந்து' என்பதை அடித்துவிட்டு 'ஐம்பது' என்று எழுதினான்.

"ஐம்பதும் சொல்லிருவியா?" என்றாள் சோரா.

"பாதி சொல்லிட்டேன். ஓடறப்பவே."

தலையைக் குனிந்துகொண்டு தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினான். அவன் கேலி பேசாமல் இருந்தது எங்கள் பங்கில் அதுதான் முதல் தடவை.

மார்த்தா சிஸ்டர் கையில் பேனாவோடு வந்தார். "சாயங்காலம் ஆச்சு. பேரு விஷயம் என்னாச்சு? ஸ்டெல்லான்னு எழுதிக்கட்டுமா?"

சோரா இடுக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க சிஸ்டர்," என்றாள் லாரன்சியா. "இந்தப் பக்கம் வெந்துடுச்சு, திருப்பிப் போடணும்."