பதினோரு விநாடிக்கு ஒரு நன்றி

காலை எட்டரை மணிக்குப் பொருநை வடிவியல் பல்கலைக்கழகத்தில் எந்த வேலையும் நேராகத் தொடங்கிவிடாது. ஆய்வாளர்கள் அவரவர் மேசையில் அமர்ந்து, முந்தைய நாள் யாரைப் பார்த்து எதைக் கற்றோம் என்று தடங்காணி என்ற பொறிக்கு வாய்விட்டுச் சொல்லி, பெயர் சொல்லி நன்றி கூற வேண்டும். அந்த அரை மணி நேரம் கூடமே சந்தைக்கடையாக இருக்கும். நாற்காலியை ஆராயும் அந்தோணி, விடுதிச் சமையல்காரர் அரிசி மூட்டையில் சாய்ந்து தூங்கும் அழகுக்கு மூன்றாவது வாரமாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தான். சமையல்காரர் காதுக்கு இது எட்டினால் அவன் சாப்பாட்டின் கதி என்ன ஆகும் என்று யாரும் அவனை எச்சரிக்கவில்லை.

ஆவுடைச்செல்விக்கு அன்று சொல்ல ஒன்றும் ஓடவில்லை. நாற்பத்தொரு வயதில், ஆறு வருட ஆய்வின் கடைசிப் படியில் நின்றாள். அவளுடைய ஆய்வுப்பொருள் மேசையிலேயே இருந்தது: ஒரு கையால் திறக்கக்கூடிய சாப்பாட்டு டப்பா. முழங்கையால் அதை இடுப்போடு அணைத்துப் பெருவிரலால் ஒரு நெம்பு நெம்பினால் மூடி திறந்துகொள்ளும். இருபத்து நான்கு வயதில் ஒரு விபத்தில் அவளுடைய இடது கை செயலிழந்துபோனது. மூடிய டப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு, திறந்து தர யாராவது வருவார்களா என்று பசியோடு பார்த்திருந்த மதியங்களை அவள் மறக்கவில்லை.

பொறிகள் நொடிக்குப் பத்தாயிரம் டப்பா வரைந்து தள்ளுகிற காலத்தில், வரைந்ததற்காக யாருக்கும் முனைவர் பட்டம் கொடுப்பதில்லை. ஒரு வடிவம் எந்த மனிதர்களின் வாழ்க்கையிலிருந்து வந்தது என்று காட்டினால்தான் பட்டம். முன்பெல்லாம் ஆய்வேட்டின் தொடக்கத்தில், எல்லோரும் படிக்காமல் புரட்டிப் போகும் நன்றியுரை என்று ஒரு பக்கம் இருந்ததாம். இப்போது ஆய்வேடே அதுதான். ஆய்வாளர் அணிந்திருக்கும் பதிவுக்கண்ணாடி கண்டதையெல்லாம் தடங்காணி அலசி, யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லிவிடும். பாதிக்கு மேல் ஆய்வாளருடையதாக இருக்க வேண்டும். பங்குள்ள ஒரே ஒருவர் விடுபட்டாலும் ஏடு திரும்பி வந்துவிடும்.

இடுப்போடு அணைக்கும் யோசனை தன் உடம்பிலேயே பிறந்தது என்று ஆவுடை சத்தியமே செய்திருப்பாள். தடங்காணி இல்லை என்றது. ஐந்து வருடத்துக்கு முன், கோவில்பட்டி ரயில் நிலையத்தில், அவள் கண்ணாடி பதிந்த பதினோரு விநாடிக் காட்சியைக் காட்டியது. கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண், சாப்பாட்டுச் சம்புடத்தை இடுப்போடு அணைத்து ஒற்றைக் கையால் திறக்கிறாள். நூற்றுக்கு ஐம்பத்திரண்டு ஆவுடைக்கு, முப்பத்தெட்டு அந்தப் பெண்ணுக்கு, மீதி பலருக்கு என்று கணக்கு வந்தது.

நெறியாளர் ரூபன் அவளைவிட எட்டு வயது இளையவன். அவன் அவளை அக்கா என்பான், அவள் அவனை சார் என்பாள். இருவருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

"முப்பது நாள் தேடியும் ஆள் கிடைக்கலைன்னா, பெயர் அறியாதவர்னு போட்டு முடிச்சிரலாம்க்கா. இன்னைக்கு இருபத்தெட்டாவது நாள்" என்றான்.

"ஆளு கிடைச்சிட்டாங்க சார்."

பொதுப்பலகையில் அவள் போட்டிருந்த காட்சிக்குக் காலையில் பதில் வந்திருந்தது. 'படத்துல இருக்கது நான்தான். மாடத்தி, கடலைமிட்டாய்க் கூடம், கோவில்பட்டி.'

ரூபன் நாற்காலியை அருகே இழுத்துப்போட்டான். "இத நீங்களும் பாக்கலை, நானும் பாக்கலை. மூணு நாள் கழிச்சுத் திறங்க. நேர்ல போனா அவங்க வாக்குமூலம் வாங்கணும். மூடி இப்படித்தான் இருக்கணும்னு அன்னைக்கே நினைச்சேன்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னாப் போச்சு, நீங்க பாதிக்குக் கீழ போயிருவீங்க. ஆறு வருசம்க்கா!"

அவன் கெட்டவன் இல்லை. அவளுக்குப் பட்டம் கிடைக்க வேண்டும் என்று அவளைவிட அவன்தான் தவித்தான்.

"தினமும் காலையில நன்றி நன்றின்னு தொண்ட வத்தக் கத்திட்டு, ஆளு வந்து நிக்கும்போது கதவச் சாத்தச் சொல்லுதீங்களே சார்" என்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வாய்தான் அப்படிப் பேசியது. ரயிலில் உட்கார்ந்ததும் அந்தப் பெண் அதிகம் பேசாதவளாக இருக்க வேண்டுமே என்று கடம்பூர் வரை வேண்டிக்கொண்டு, பிறகு அப்படி வேண்டியதற்காக வெட்கப்பட்டாள்.

கூடத்தில் பொறிக்கைகள் மிட்டாய் வெட்டிக்கொண்டிருந்தன. பொட்டலங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மாடத்திக்கு முப்பது வயது இருக்கும். நிமிர்ந்தவள் ஆவுடையின் முகத்தைப் பார்க்கவில்லை; தொங்கிய இடது கையைப் பார்த்தாள். பார்த்தபடியே எழுந்து நின்றாள்.

ஆவுடை ஒன்றையும் மறைக்கவில்லை. "நீங்க கூட்டிச் சொன்னா எனக்குப் பட்டம் இல்லை. அதுக்காகக் குறைச்சும் சொல்லாதீங்க" என்று சொல்லி, கையடக்கத் தடங்காணியை மேசைமேல் வைத்தாள்.

மாடத்தி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

"அய்யோ, அது என் யோசனை இல்லையேக்கா."

"பின்ன?"

"பிள்ளைக்கு அப்ப மூணு மாசம். மருதையில ஆசுபத்திரிக்குத் தனியாப் போயிட்டு வாரேன். காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. பிள்ளைய இறக்கிவிட எடமில்ல, சம்புடத்தத் திறக்க வழியில்ல. அழுகையா வருது. அப்ப பக்கத்து பெஞ்சுல ஒரு அக்கா, ஒரு கை வெளங்காதவுக, பிஸ்கட் டப்பாவ முழங்கையால இடுப்போட அணைச்சு, பெருவிரலால மூடிய நெம்புனாக. நம்மளும் செஞ்சு பாப்போமேன்னு செஞ்சேன். திறந்திருச்சு." அவள் ஆவுடையின் முகத்தைப் பார்த்தாள். "அது நீங்கதான்க்கா. உள்ள வரும்போதே கையப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன்."

ஆவுடை பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். பதிவுக்கண்ணாடி உலகத்தையெல்லாம் பார்க்கும், அணிந்திருப்பவளை மட்டும் பார்க்காது. அவளும் தன்னைப் பார்த்ததில்லை. பசியில் தன் கை பழகிக்கொண்ட ஒன்று, இன்னொருத்தியின் இடுப்பில் தெரிந்தபோதுதான் ஒரு வடிவமாகக் கண்ணில் பட்டிருக்கிறது.

தடங்காணி புதுக் கணக்கைக் காட்டியது. ஆவுடைச்செல்விக்குத் தொண்ணூறு. மாடத்தியின் பெயரை நீக்கலாமா என்று கேட்டது.

"நீக்காத. இவுக செஞ்சு காட்டலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. முப்பத்தெட்டு அப்படியே இருக்கட்டும்" என்றாள் ஆவுடை.

விதிப்படி அவள் இப்போது நன்றி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ஆறு வருடம் தினமும் தவறாமல் சொன்ன வாய் அன்று ஏனோ திறக்கவில்லை. நெஞ்சு முழுக்க நன்றியாக இருந்தது.

மாடத்தி முக்காலிக்குப் பக்கத்தில் குந்தி, அவளுடைய உணர்வில்லாத கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ரயிலு வந்ததும் ஏறிட்டீக. சொல்லணும்னு அஞ்சு வருசமாத் தேடுனேன்க்கா. அன்னைக்கு நான் சாப்பிட்டேன். வயிறாரச் சாப்பிட்டேன்."