ஐந்து நட்சத்திரப் பிணம்

பார்வையாளர் கை தட்டவில்லை.

பார்வையாளர் என்றால் ஒரே ஒருவர். எண்பது நாற்காலிகளுக்கு நடுவே, மூன்றாம் வரிசையில் விமர்சகர் பிட்கெர்ன். எடின்பரோவின் ஆகஸ்ட் நாடக விழாவில் அவர் பேனாவுக்குப் பயந்து வேறு வேலை தேடிப் போன நடிகர்கள் உண்டு.

மார்வன் குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தாள். மறுபடி வணங்கினாள்.

ம்ஹூம்...

நாடகம் எழுதியவள் அவள். நடிப்பவள் அவள். தயாரிப்பாளரும் அவளே. மழையில் நின்று நோட்டீஸ் கொடுப்பவளும் அவளே. விளக்கைக்கூடச் சட்டைப்பையிலிருக்கும் ரிமோட்டால் அவளேதான் அணைப்பாள். பத்து வருடமாக இதே பிழைப்பு. இந்த வருடமும் பத்திரிகையில் நட்சத்திரம் விழாவிட்டால், செப்டம்பரில் பெர்த்துக்குப் போய் அக்காவின் கடையில் நாய்களுக்கு முடி வெட்ட வேண்டும்.

இன்றுதான் முதல் காட்சி.

"சார்... பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடுங்க. இப்படி முறைக்காதீங்க."

தோளைத் தொட்டாள்.

பிட்கெர்ன் பக்கவாட்டில் சரிந்தார். மடியிலிருந்த விஸ்கி டம்ளர் உருண்டது.

மார்வன் அலறினாள். பத்து வருடத்தில் அவளுடைய இயல்பான நடிப்பு அதுதான்.

அரங்கின் சொந்தக்காரன் கிரெகர் ஓடி வந்தான்.

"ஐயோ... பத்திரிகைக்காரராச்சேன்னு நானே என் கையால விஸ்கி ஊத்திக் கொடுத்தேனே! நீ ரோட்டுக்கு ஓடு கண்ணு. ஆம்புலன்ஸ் சந்து தெரியாம சுத்தும். நான் இவர்கூட இருக்கேன்."

ஓடினாள்.

ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஷோனா மக்ரே அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"விஸ்கியில விஷம். மூணே காலுக்கே போய்ட்டார்னு டாக்டர் சொல்றார். நாடகம் மூணு மணியிலேர்ந்து மூணு அம்பது வரைக்கும். அப்போ முப்பத்தஞ்சு நிமிஷம் பிணத்துக்கு நடிச்சிருக்கீங்க. தெரியவே இல்லையா?"

"எங்க தொழில்ல வித்தியாசம் கண்டுபிடிக்கறது கஷ்டம், மேடம்."

"மூணு அம்பத்தஞ்சுக்கு அவர் போன்லேர்ந்து பத்திரிகைக்கு விமர்சனம் போயிருக்கு. யாரோ பிணத்தோட கட்டைவிரலை வச்சு போனைத் திறந்திருக்காங்க. பத்திரிகையிலயும் அதைப் போட்டுட்டாங்க. உங்களுக்கு அஞ்சு நட்சத்திரம்."

மார்வனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிணத்தை மறந்தே போனாள். அவள் போன் விடாமல் துடித்தது. விழா முடியும் வரை அத்தனை டிக்கெட்டும் விற்றுவிட்டதாம்!

"லாபம் உங்களுக்கு. கூட இருந்ததும் நீங்க. ஸ்டேஷனுக்குக் கிளம்பலாமா?"

"அந்த நேரத்துல நான் ரோட்டுல நின்னேன் மேடம்!"

"ரோட்டுக்கு ஓடினது நான்தான்னு கிரெகர் சொல்றார். உங்களை யாராவது பார்த்தாங்களா?"

"பத்து வருஷமா அந்த ரோட்டுல நோட்டீஸோட நிக்கறேன். ஒருத்தர் பார்த்ததில்லை."

ஷோனா போனை நீட்டினாள். மார்வன் விமர்சனத்தைப் படித்தாள்.

'எவ்வளவு சொகுசான நாற்காலிகள்! கடைசிக் காட்சியில் வெடிக்கும் அந்தத் துப்பாக்கி என் நெஞ்சை உலுக்கிவிட்டது...'

மறுபடி படித்தாள்.

துப்பாக்கி வெடிக்கவே இல்லை. நேற்று ஒத்திகை, அரங்கில் அவளுக்கு ஒதுக்கிய ஐம்பது நிமிடத்தைத் தாண்டியது. அடுத்த குழு கதவை இடித்தது. இன்று காலை பென்சிலை எடுத்துக் கடைசிக் காட்சியை அவளே வெட்டிவிட்டாள். துப்பாக்கி மேடையில் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

அதைச் சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் விமர்சனம் போலி என்றாகிவிடும். ஐந்து நட்சத்திரமும் உதிர்ந்துவிடும்.

சொல்லாவிட்டால் ஜெயில்.

ஜெயிலைப் பற்றிக் கொஞ்ச நேரம் தீவிரமாகவே யோசித்தாள். பாதியில் எழுந்து போக முடியாத பார்வையாளர்கள்...

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"சரி, துப்பாக்கி உண்டுன்னு யாருக்குத் தெரியும்?"

"மேடையில வெடிக்கணும்னா அரங்குக்காரர் எழுத்துல அனுமதி தரணும். அதுக்காக கிரெகருக்கு மட்டும் ஸ்கிரிப்ட் கொடுத்தேன்."

"நாடகம் பார்ப்பாரா?"

"இருபது வருஷமா அரங்கு நடத்தறார். ஒண்ணுகூட உட்கார்ந்து பார்த்ததில்லை. அதான் ஆள் நல்லா இருக்கார்."

ஷோனா எழுந்து குரல் கொடுத்தாள். "மிஸ்டர் கிரெகர்! நாடகத்தை முதல்லேர்ந்து போடச் சொல்லியிருக்கேன். எந்த நேரத்துல என்ன நடந்ததுன்னு பார்க்கணும். நீங்களும் வந்து உட்காருங்க."

ஐம்பது நிமிடம். கிரெகர் நாற்காலியில் நெளிந்தான், கொட்டாவி விட்டான்.

கடைசியில் மார்வன் மெதுவாகப் பெட்டியை நோக்கி நடந்தாள்.

கிரெகர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். கண்ணை இறுக மூடினான்.

நிசப்தம். விளக்கு அணைந்தது.

மறுபடி எரிந்தபோதும் அவன் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. ஷோனாவே எடுத்துவிட்டாள்.

"என்ன சத்தத்துக்காக காத்திருக்கீங்க, மிஸ்டர் கிரெகர்?"

அவன் மூடியே கிடந்த பெட்டியைப் பார்த்தான்.

"நனைஞ்ச நாய் வாடை அடிக்குதுன்னு என் அரங்கைப் பத்தி மூணு வருஷமா எழுதினான் மேடம்! பெரிய குழு ஒண்ணுகூட வாடகைக்கு வரலை... செத்தப்புறமாவது நாலு வார்த்தை நல்லதா எழுதட்டுமேன்னுதான்..."

விலங்கு மாட்டினார்கள்.

மாலைக்குள் பத்திரிகை விமர்சனத்தை வாபஸ் வாங்கியது. விற்ற டிக்கெட்டுகளும் போன வேகத்தில் திரும்பி வந்தன. மார்வன் மேடை விளிம்பில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

வாசல் வரை போன ஷோனா திரும்பினாள்.

"பரவாயில்லைம்மா உங்க நாடகம். நடுவுல கொஞ்சம் இழுக்குது. மூணு நட்சத்திரம் தரலாம்."

மார்வன் சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

"எழுதிக் கொடுப்பீங்களா, மேடம்?"

மறுநாள் காலை மார்வனின் சுவரொட்டிகள் எல்லாவற்றிலும் புதிதாக ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது.

'மூன்று நட்சத்திரம்: கொலை விசாரணைப் பிரிவு, எடின்பரோ. அரங்குக்குப் போலீஸ் சீல் வைத்திருப்பதால், காட்சி பக்கத்து மதுக்கடை மாடியில்.'

அதன் கீழே, பொடி எழுத்தில்...

'பத்திரிகையாளர்கள் தங்கள் விஸ்கியைத் தாங்களே கொண்டு வரவும்.'