தூங்கி எழுந்தால் முடிந்திருந்த வேலை

பொன்னுவேலின் ஜீப் மலைக் கிராமமான கவுஞ்சிக்கு வந்து சேர்ந்தபோது மதியம்தான். ஆனால் மூடுபனி இறங்கி, எதிரே வருகிற மாடுகூடத் தெரியவில்லை. அழகுமலைக்கு அதுவே பெரிய ஆறுதல். திண்டுக்கல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியதிலிருந்து கண்ணைத் துண்டால் மூடிக்கொண்டே வந்தான். வெயில் கண் வழியாக இறங்கிப் பிடரியில் போய்க் குத்தியது.

சில நாள் முன்பு, லாரியில் காரட் மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து போனவன், வளைவில் வண்டி பிரேக் போட்டதும் தலைகுப்புற விழுந்திருந்தான். ரத்தம் வரவில்லை. தையல் இல்லை. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. மூளை குலுங்கியிருக்கிறது, குணமாக மாசக்கணக்கில் ஆகலாம், வெளிச்சம், சத்தம், பாரம் எதுவும் ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

"ஒரு பிளாஸ்திரிகூட ஒட்டி விடலையே மாப்ள," என்றான் பொன்னுவேல். அழகுமலையின் மனைவி முருகேஸ்வரிக்கு அண்ணன் அவன். "ஊருக்குள்ள எவன் நம்புவான்? நானாச்சும் மைதாவைக் குழைச்சு ஒரு மாவுக்கட்டுப் போட்டு விடட்டுமா?"

"சும்மா வாண்ணே," என்றாள் முருகேஸ்வரி. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

புது வீட்டுக்குத் தகரக் கூரை. மழை விழுந்தால் மண்டைக்குள் விழுவதுபோல இருக்கும். அதனால் தோட்டத்தை ஒட்டிய பழைய மண்வீட்டில் அவனைப் படுக்க வைத்தார்கள். பூண்டு போட்டு வைக்கிற வீடு. ஜன்னல் கிடையாது. குறுக்கே கட்டிய மூங்கில்களில் பூண்டுக் கொத்துகள் தொங்கின. தரையில், பிடுங்கிக் காயவைத்த பூண்டு தண்டும் தாளுமாகக் குவிந்து கிடந்தது. பிடி பிடியாகச் சேர்த்துத் தாளைக் கட்டி மேலே தொங்கவிட வேண்டும். அந்த வேலை பாக்கி.

அழகுமலை இருட்டில் கிடந்தான். காதுக்குள் ஓயாத ரீங்காரம். எழுந்து நின்றால் தரை இடப்பக்கம் சரிந்தது. பேச வாய் திறந்தால், வேண்டிய சொல் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. காரணமில்லாமல் அழுகை வந்தது. அத்தனை பூண்டுக்கு நடுவில் படுத்தும் எந்த வாசமும் மூக்குக்கு எட்டவில்லை.

அதெல்லாம்கூடப் பெரிதில்லை. வெளியே முருகேஸ்வரி ஒற்றை ஆளாகக் களை வெட்டும் சத்தம் கேட்டது. கால் உடைந்திருந்தால் காட்டலாம். இதை எங்கே காட்டுவது?

ஒருநாள் வீம்புக்கு எழுந்து பூண்டு கட்ட உட்கார்ந்தான். நாலைந்து பிடி கட்டியதுமே சுற்றியது. குவியலின் ஓரத்திலேயே வாந்தி எடுத்தான். அம்மா சின்னத்தாயி சாம்பலைப் போட்டு அள்ளினாள்.

"நீ படுய்யா," என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் முருகேஸ்வரியும் பொன்னுவேலும் பேசுவது கேட்டது.

"எத்தனை நாளைக்குண்ணே நான் ஒத்தையில மல்லுக்கட்ட?"

"படுத்துப் பழகிட்டான்னா மனுசன் எந்திரிக்க மாட்டான் தாயி."

அழகுமலை கம்பளியை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு தூங்கிப்போனான்.

முருகேஸ்வரி போட்ட சத்தத்தில்தான் விழித்தான்.

"ஏங்க! இத்தனையும் நீங்களா?"

குவியலில் பாதி இல்லை. தலைக்கு மேலே மூங்கில் வளையும் அளவுக்குப் புதுக் கொத்துகள், ஒரே சீராகக் கட்டித் தொங்கின. முருகேஸ்வரியின் முகம் மலர்ந்திருந்தது. விழுந்த நாளிலிருந்து அவன் பார்க்காத முகம்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"ம்," என்றான்.

அடுத்த தடவை தூங்கி எழுந்தபோது மீதியும் முடிந்திருந்தது. புதுக் குவியல் கொண்டுவந்து கொட்டினார்கள். அதுவும் முடிந்தது. பொன்னுவேல் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாய்தவறிச் சொல்லிட்டேன் மாப்ள, மனசுல வச்சுக்காதீங்க," என்றான். அம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள்.

ஒருவேளை தானேதான் செய்துவிட்டு மறந்துபோகிறோமோ என்று அழகுமலை நினைத்தான். மறதி வரும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். ஆனால் அவன் கைகள் சுத்தமாக இருந்தன. நகத்தில் ஒரு பொட்டு மண் இல்லை.

முருகேஸ்வரி வரும் காலடி கேட்டது. அவசரமாக ஒரு பூண்டுப் பல்லை நசுக்கி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டான். தரையைப் பிறாண்டி நகத்துக்குள் மண்ணை ஏற்றிக்கொண்டான்.

மறுநாள் தூங்காமல் கண்ணை மட்டும் மூடிக் கிடந்தான். வெளியே பனி மூடி, பகலே மங்கிப்போயிருந்தது.

சரசரப்பு கேட்டது. காய்ந்த தாளைத் திருகும் சத்தம். காதுக்குள் இல்லை. அறைக்குள்.

பிறகு ஒரு வாசம் வந்தது. விழுந்ததிலிருந்து மூக்குக்கு எட்டிய முதல் வாசம். நனைந்த கம்பளியும் மழை ஊறிய மண்ணும் கலந்த வாசம்.

கண்ணைக் கொஞ்சமாகத் திறந்தான்.

குவியலுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அழகுமலை போர்த்தியிருந்த அதே கட்டம் போட்ட கம்பளி. கைகள் மட்டும் வெரசாக ஓடின.

அழகுமலை தன் மார்பைத் தடவிப் பார்த்தான். போர்வை இல்லை.

"யா... யாரு..."

கைகள் நிற்கவில்லை. தலை திரும்பவில்லை.

"நீ தூங்கு. சோலியை நான் பாத்துக்கிறேன்."

குரல் அவனுடையது. விழுவதற்கு முன்பிருந்த குரல். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

பயத்தில்தான் கண்ணை மூடினான் என்று சொன்னால் பாதிப் பொய். மீதிப் பாதி நிம்மதி.

சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்த முருகேஸ்வரியின் கையைப் பிடித்தான்.

"பூண்டு... கட்டுறது... நா... நானில்ல."

அவள் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "அதான் டாக்டர் சொன்னாருல்ல, மறந்துபோகும்னு. புத்தி மறந்தாலும் கை மறக்கல, பாத்தீங்களா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. கஞ்சியைக் குடித்தான்.

அப்புறம் அவன் யாரிடமும் சொல்லவில்லை. சரசரப்பு கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சில நாள் அந்தச் சத்தம் இல்லை. கதவு திறந்து மூடுவதும், கனத்த காலடி தோட்டத்துப் பக்கம் போவதும் கேட்டன. அன்றைக்கெல்லாம் வெளியே களை வெட்டும் சத்தம் இரட்டையாக விழுந்தது.

பிறகு ஒருநாள் விழித்தபோது காது அமைதியாக இருந்தது. எழுந்து நின்றான். தரை சரியவில்லை. கதவைத் திறந்தான். வெயில் அடித்தது. கண் கூசியது, ஆனால் குத்தவில்லை. அழகுமலைக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை காரணம் இருந்தது. இனிமேல் தன் கையாலேயே செய்யலாம். எவனும் வேண்டாம். புது வீட்டுக்கு நடந்தான்.

வாசலில் முருகேஸ்வரி சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னத்த விட்டுட்டுப் போனீங்க? இப்பதானே சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போனீங்க."

அவன் அவள் தோளுக்கு மேலே பார்த்தான். கீழ்ப் பாத்தியில் கட்டம் போட்ட கம்பளி போர்த்திய ஒரு ஆள் மண் வெட்டிக்கொண்டிருந்தான். அம்மா பக்கத்தில் நின்று ஏதோ சொன்னாள். பொன்னுவேல் அந்த ஆளின் முதுகில் செல்லமாகத் தட்டினான்.

முருகேஸ்வரி திரும்பினால் போதும், பார்த்துவிடுவாள். திரும்பிப் பார் என்று சொன்னால் போதும்.

ஆனால் அவள் கேட்பாள். அப்போ இத்தனை நாளும் செஞ்சது யாரு? நீங்க என்ன செஞ்சீங்க?

"மறந்து... மறந்துட்டேன்," என்றான்.

"சரியாப் போச்சு," என்று சிரித்தபடி அவள் தட்டைக் கவிழ்த்தாள்.

அழகுமலை பழைய வீட்டுக்கே திரும்பி நடந்தான். கதவைச் சாத்திவிட்டுப் பாயில் உட்கார்ந்தான். சாயங்காலம் எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் சொற்களைக் கோர்த்துப் பார்த்தான்.

வெளியே காலடி வந்து நின்றது. கதவின் வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

அவன் பாய்ந்து போய்க் கதவைத் தட்டினான். கத்த வாயைத் திறந்தான். சொல் வரவில்லை.

"ஏலே, உள்ள என்னமோ தட்டுது," என்றது அம்மாவின் குரல்.

"எலியா இருக்கும் ஆத்தா. பூண்டுதான் கெடக்கு, வேற ஒண்ணுமில்ல. வாங்க, போவோம்," என்றது அவனுடைய குரல்.