பதில் போடாத இருபத்து மூன்று பேர்

மாலை வகுப்பு தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கல்லூரி அலுவலகக் கணினியில் திறந்திருந்த அட்டவணையின் பதினேழாம் வரிசையில், அவள் காலியாக விட்டிருந்த 'கருத்து' என்ற கட்டத்தில், மூன்று சொற்கள் இருந்தன.

உள்பக்கம் கைப்பிடி இல்லை.

தான்தான் எதையோ இடம் மாற்றி ஒட்டிவிட்டோம் என்று நினைத்தாள். எங்கே தப்பு நடந்தாலும் முதலில் தன்னைச் சந்தேகிப்பது அவள் பழக்கம். அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தாள். எந்தக் கட்டத்தை எத்தனை மணிக்குத் தொட்டாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தாள். போன வியாழக்கிழமைக்குப் பிறகு பதினேழாம் வரிசையை அவள் தொடவே இல்லை.

வியாழக்கிழமை அந்த வரிசை முழுவதையும் எழுதியதே அவள்தான் என்பது வேறு விஷயம்.

உணவுப் பதப்படுத்தல் துறையை அதன் பழைய மாணவர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று கேட்டு, தொகுத்து, தரம் வழங்கும் குழுவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அறுபது பேரில் முப்பத்தேழு பேர்தான் பதில் போட்டிருந்தார்கள். அதிலும் பாதிப் பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டியிருந்தார்கள். முதல் தரத்துக்கு ஐந்துக்கு நான்கு வேண்டும்; சராசரி அதைத் தொடவில்லை. துறைத்தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பதில் போடாதவர்கள் எல்லாம் நல்ல வேலையில் நன்றாக இருப்பவர்கள், அவர்கள் சார்பில் நாமே போட்டுவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்றார். முதல் தரம் கிடைத்தால் அவளுடைய தற்காலிக வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாகவும் அதே மூச்சில் சொன்னார். நான்கு வருடமாக அவளுக்குப் பகலில் இந்த நாற்காலி, மாலையில் இதே துறையின் கடைசி பெஞ்சு. மிச்சமிருந்த இருபத்து மூன்று பேருக்கும் நான்கும் ஐந்துமாகப் போட்டாள். ஒரே மாதிரி இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று கலந்து போட்டாள். அந்த மட்டும் புத்தி இருந்தது. சராசரி நான்கைத் தொட்டு நின்றது, ஒரு மயிரிழையில்.

எப்போதும் சாவிக்கொத்தோடு திரிவதால் எல்லோருக்கும் 'சாவி அண்ணன்' ஆகிவிட்ட உதவியாளர் ஜன்னல்களைச் சாத்த வந்தார். பதினேழாம் வரிசைப் பெயரைப் படித்துக் காட்டி, அது யாரென்று அவரிடம் கேட்டாள். கொத்தின் கிணுகிணுப்பு நின்றது.

"நீ வர்றதுக்கு முன்னாடி குளிர் அறையில மாட்டிக்கிட்டானே, அந்தப் பையன்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாம்பிள் வைக்கப் போனான். திங்கட்கிழமை நான்தான் திறந்தேன்."

"படிச்சு முடிச்சவங்க பட்டியல்ல பேரு இருக்கேண்ணா?"

"பொணத்துக்குப் பட்டம் குடுத்தாங்கல்ல. பெத்தவங்க வாயை அடைக்கணுமே." அவர் திரையை எட்டிப் பார்த்தார். "நீ என்ன போட்ட அவனுக்கு?"

அவளும் திரையைப் பார்த்தாள். ஆய்வக வசதி ஐந்து. பாதுகாப்பு ஐந்து.

குளிர் அறைக்கு மின்சாரம் துண்டித்து வருஷக்கணக்காகிறது, இப்போது பழைய விடைத்தாள்தான் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். செருப்புச் சத்தம் தேய்ந்து அடங்கிய பிறகு, கட்டடத்தின் வழக்கமான சத்தங்களுக்கு அடியிலிருந்து, தண்ணீர்க் குழாயின் சொட்டுக்கும் மின்விசிறியின் முனகலுக்கும் கீழே, தாழ்வான ஒரு ரீங்காரம் மேலெழுந்து வந்தது. கூடவே ஈர இரும்பும் கெட்டுப்போன பாலும் கலந்தாற்போன்ற ஒரு வாடை, தாழ்வாரத்தின் கோடியிலிருந்து தரையோடு ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. குளிர் அறை அந்தக் கோடியில்தான் இருந்தது.

பிறகு தட்டும் சத்தம். ஓங்கித் தட்டவில்லை. தட்டித்தட்டி ஓய்ந்துபோன கை தட்டுவது போல.

பாதுகாப்புக்குப் போட்டிருந்த ஐந்தை அழித்து ஒன்று போட்டாள். சராசரி 3.99 ஆனது.

சத்தம் நின்றது.

தொலைபேசி அடித்தது. துறைத்தலைவர். ஆறு மணிக்கு மேல் அறிக்கையை வாங்க மாட்டார்கள், அனுப்பியாகிவிட்டதா என்று கேட்டார்.

"சார், பதினேழாம் நம்பர்..."

யார் அது என்று அவர் கேட்கவில்லை. எண்ணைச் சொன்னதுமே தெரிந்திருந்தது.

"அவனுக்கு நாம என்னம்மா குறை வச்சோம்? நீ உன் பொழப்பைப் பாரு."

கடிதம் வந்ததா என்று வீட்டில் அக்கா தினமும் கேட்கிறாள். இப்போதெல்லாம் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத்தான் கேட்கிறாள். பாதுகாப்புக் கட்டத்தில் இருந்த ஒன்றை அழித்தாள். ஐந்து போட்டாள். அந்த மூன்று சொற்களையும் அழித்தாள். நேரத்தை நோட்டில் குறித்தாள். அனுப்பினாள்.

தட்டும் சத்தம் மறுபடி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ரீங்காரமும் இல்லை. மின்விசிறி நின்றிருந்தது. குழாய்ச் சொட்டு நின்றிருந்தது. அவள் விட்ட மூச்சு வெள்ளையாகத் திரைமுன் தங்கியது.

திரையில் அட்டவணை கீழே நகர்ந்தது.

அறுபத்தோராம் வரிசை.

பதிவெண் ஏறியது. அவளுடையது. படிப்பு முடித்த ஆண்டு ஏறியது. இந்த ஆண்டு. தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

ஆசிரியர்கள், ஐந்து.

நூலகம், நான்கு.

ஆய்வக வசதி, ஐந்து.

அவள் கைகள் மடியில் இருந்தன. குனிந்து பார்த்தாள். இரண்டும் மடியில்தான் இருந்தன.

விசைப்பலகை முழுக்க வெண்பனி. ஐந்து என்ற விசை மட்டும் மெல்லத் தாழ்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே அழுந்தி நின்றது. பிறகு, பிய்த்து எடுப்பது போன்ற சன்னமான சத்தத்தோடு மேலே வந்தது. அதன்மேல், ரேகை அழியாமல், ஒரு விரல்நுனியின் தோல் ஒட்டியிருந்தது.