குறையே இல்லாத துப்பாக்கி

டெலிபோன் அலறியது.

வாயிலிருந்த ஆவியில் வெந்த ரொட்டியை விழுங்கிவிட்டு மூ லின் ரிசீவரை எடுத்தாள். மறுமுனையில் ஆயுதத் தொழிற்சாலையின் கட்சிச் செயலாளர் ஜியாங்.

"தோழர் மூ... துப்பாக்கியைக் காணோம். உடனே வாங்க."

மூ லின் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி. ஜீப் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறும்போதே அவளுக்கு விஷயத்தின் கனம் புரிந்துவிட்டது.

பழைய ரஷ்ய மாதிரிக் கனரக இயந்திரத் துப்பாக்கிகளை மலை மலையாகச் சுமந்து வீரர்களுக்கு முதுகு ஒடிந்துகொண்டிருந்தது. அதற்கு மாற்றாக, அந்தச் சிச்சுவான் பள்ளத்தாக்கில் பல வருடங்கள் உழைத்து ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். கையில் தூக்கி ஓடினால் இலகுரகம். முக்காலியில் ஏற்றினால் கனரகம். சீனாவே வடிவமைத்த துப்பாக்கி!

மறுநாள் ராணுவத் தளபதிகள் முன்னால் சோதனை.

இன்று துப்பாக்கி வைத்திருந்த அறை காலி.

பூட்டு உடைபடவில்லை. சாவி இரண்டு பேரிடம்தான். ஒன்று ஜியாங்கிடம். இன்னொன்று தலைமை வடிவமைப்பாளர் ஃபெங்கிடம்.

"ஃபெங் ரஷ்யாவுல படிச்சவன்." ஜியாங் குரலைத் தாழ்த்தினார். "இப்ப அவங்களுக்கும் நமக்கும் ஆகாது. மிச்சத்தை நீங்களே புரிஞ்சுக்குங்க."

மூ லினுக்கு நன்றாகவே புரிந்தது. உளவாளி என்று ஒரு வரி அவள் எழுதினால் போதும்... ஃபெங்கின் கதை ஒரு சுவரோரம் முடிந்துவிடும்.

ஃபெங்கை விசாரித்தாள். ஒடிசலான மனிதர். அழவில்லை. கெஞ்சவும் இல்லை.

"என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க, பரவாயில்லை. ஆனா துப்பாக்கியைக் கண்டுபிடிச்சு நாளைக்குச் சுட்டுப் பாருங்க. அது போதும்."

திருடினவன் பேசுகிற பேச்சா இது?

மூ லின் வெளியே வந்தாள். ஜியாங் தேடுதல் வேட்டையை அமர்க்களமாக நடத்திக்கொண்டிருந்தார். பட்டறை, குடியிருப்பு, ஆற்றங்கரை, சமையல்கூடத்து ஊறுகாய்ச் சாடி வரை கவிழ்த்தாகிவிட்டது. வரவேற்புத் தோரணங்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. தோரணத்தின் கீழே ஆளுயரப் பெரிய முரசு. முரசு கொட்டும் பெண்கள் சும்மா உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒத்திகை இல்லையா என்று கேட்டாள். முரசைத் தொடக்கூடாது என்று காலையிலேயே செயலாளர் உத்தரவு போட்டுவிட்டாராம். துக்கமான நேரமாம்.

தோரணம் ஆடலாம். முரசு மட்டும் கூடாதா?

மூ லின் குச்சியை எடுத்தாள். ஓங்கி ஒரு அடி.

தொப்.

தலையணையை அடித்த மாதிரி.

ஜியாங்கின் முகம் வெளுத்தது.

முரசைச் சாய்த்தார்கள். அடித்தோல் கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே கைவிட்டு இழுத்தார்கள். ஒரு பருத்தி மெத்தை... அதற்குள் சுற்றப்பட்டு, எண்ணெய் மணக்க, இயந்திரத் துப்பாக்கி!

"இது செயலாளர் ஆபீஸ்ல மத்தியானம் படுக்கற மெத்தையாச்சே," என்றாள் விதை கொறித்தவர்களில் ஒருத்தி. "அவர் சம்சாரம் பூப்போட்டுக் கொடுத்தது."

ஜியாங் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். தொடர்ந்து சுட்டால் குழாய் பழுக்கக் காய்கிறது, குண்டுகள் திசைமாறி ஓடுகின்றன என்று அவருக்குத் தெரியும். ஆனால் துப்பாக்கி அப்பழுக்கற்றது என்று தலைநகருக்கு எப்போதோ அறிக்கை அனுப்பிவிட்டார். தளபதிகள் முன்னால் குட்டு உடைவதைவிட, துப்பாக்கி திருடுபோவது மேல். பழியைச் சுமக்கத்தான் ஃபெங் இருக்கிறாரே.

மறுநாள் சோதனை நடந்தது.

பள்ளத்தாக்கு அதிர்ந்தது. ஒரு குண்டுப் பட்டை முடிந்து அடுத்த பட்டை. அதற்கும் மேல் ஒன்று. குழாய் சிணுங்கவில்லை. தூரத்து இலக்குப் பலகை சல்லடையாகிக் கிழிந்து விழுந்தது. தளபதிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இரண்டு காவலர்களுக்கு நடுவில் நின்ற ஜியாங் வாயைப் பிளந்தார்.

"எப்படிய்யா..?"

"போன மாசமே குழாயை மாத்திட்டேன்." ஃபெங் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "உள்பக்கம் சூடு தாங்குற குரோமியப் பூச்சு."

"படுபாவி... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? இந்தத் துப்பாக்கியில குறைன்னு எவனாவது வாயைத் திறந்தா துரோகின்னு கூட்டத்துல சொன்னீங்க. இல்லாத குறையைச் சரி பண்ணிட்டேன்னு யார்கிட்ட போய்ச் சொல்ல?"

ஜியாங் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மூ லின் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுங்க செயலாளரே. நீங்க அனுப்பின அறிக்கைகள்லயே, துப்பாக்கியில குறையே இல்லைன்னது ஒண்ணுதான் நிஜம். அதைப் போய் நம்பாம விட்டுட்டீங்களே."